இரண்டாம் இராசசிங்கன்: காத்திருந்து ஆடியவன்

சீட்டு என்னும் சொல்லை நாம் இரண்டு பொருளிலே வழங்குகிறோம். ஆடுகிறவன் கையில் விரித்துப் பிடித்திருப்பதும் சீட்டு. தெய்வத்தின் திருமுன்னே வைத்துக் கண்மூடி எடுப்பதும் சீட்டு. இவ்விரண்டும் ஒரு மனிதனுடைய வாழ்விலே பின்னிக் கிடப்பதைக் காண விரும்புகிறவர்கள் கண்டியை ஆண்ட இரண்டாம் இராசசிங்கனின் கதையைப் படிக்கவேண்டும். அவன் தந்தை செனரத் அரசன், முதுமை வந்துற்றபோது, நாட்டை மூன்றாக வகுத்து, அப்பங்குகளை ஏடுகளில் எழுதித் தலதாவின் சந்நிதியில் வைத்து, இளவரசர் மூவரையும் ஆளுக்கொன்று எடுக்கச் செய்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. குமாரசிங்கனுக்கு ஊவா வந்தது. விசயபாலனுக்கு மாத்தளை வந்தது. மூவரில் இளையவனான இராசசிங்கனுக்குக் கண்டியும் அதனைச் சூழ்ந்த மலைநாடும் வந்தன. மூத்தவர் இருவரும் முன்னிருந்த அரசன் விமலதர்மசூரியனின் மக்கள் என்பதும், இளையவனே செனரத்தின் சொந்த மகன் என்பதும் நினைவிலிருக்குமாயின், அத்திருவுளச் சீட்டின் நேர்மையைப்பற்றி ஒரு சிறு ஐயம் எவர்க்கும் தோன்றும். எனக்கும் தோன்றுவதுண்டு.

எப்படி வந்ததாயினும் வந்த சீட்டு நல்ல சீட்டு. அதனை அவன் ஐம்பது ஆண்டுக்கு மேலாக எவ்வாறு ஆடினான் என்பதையே நான் இங்கே சொல்லப் புகுகிறேன்.

எங்கள் வாகரையில் உப்பாற்றுக் கரையோரத்து மரநிழலில், வலை உலரும் நேரத்தில், முந்நூற்று நான்கு என்னும் சீட்டாட்டம் நடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். முப்பத்திரண்டு சீட்டு, எல்லாச் சீட்டுகளின் பெறுமதியையும் கூட்டினால் வரும் தொகை 304, ஆட்டத்தின் பெயரும் அதுவே. முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்த அளவிலேயே இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கூறவேண்டும். மிகக் கூடிய தொகை கூறியவன் துரும்பைக் கவிழ்த்து வைப்பான். கையிலே ஒன்றுமில்லாதபோதும் ஏலத்தை ஏற்றிக்கொண்டே போகிற ஆட்டக்காரன் ஒருவன் எந்தக் கூட்டத்திலும் இருப்பான். அனுபவசாலிகள் அவனோடு மல்லுக்கு நிற்பதில்லை. அவனை ஏறவிடுவார்கள், துரும்பை அவனே வைக்கட்டும் என்று பேசாதிருப்பார்கள். மேனாட்டார் ஆடும் போக்கர் என்னும் பந்தயச் சீட்டிலும் இந்த நுட்பம் பெரிது. கண்மூடித்தனமாகப் பந்தயத்தை ஏற்றுகிறவனைப் போலிப் பந்தயத்தால் மிரட்ட முயல்வது வீண். அவன் விலகவே மாட்டான். நல்ல கை வந்தால் ஆரவாரமின்றி அவன் வைக்கும் பணத்துக்கு ஈடுமட்டும் வைத்துக்கொண்டு, அவனையே பணத்தை அடுக்கவிட வேண்டும். நடுத்தரமான கையையும் அவசரப்பட்டுக் கீழே போட்டுவிடலாகாது. அவன் ஏற்றுவதிற் பெரும்பங்கு வெறுங்கையோடு ஏற்றுவதே. ஆனால் எதிரில் இருப்பவன் அரிதாகவே பந்தயம் ஏற்றுகிற அமைதியான ஆளாக இருந்தாலோ இந்த முறை முழுவதும் தலைகீழாகிவிடும். அவன் பந்தயம் வைக்கும்போது நம்பி விலகவேண்டும். அவனுக்காகக் காத்திருப்பதால் நமக்கு ஒரு பயனும் இல்லை, அவனும் காத்திருக்கிறான் ஆதலால்.

இராசசிங்கன் போக்கரை அறிந்தவனல்லன். ஆயினும் இவ்விரு வகை எதிரிகளையும் ஒரே வாழ்நாளிற் சந்தித்தவன் அவன்.

அவன் தாய் தோனா கத்தரீனா என்னும் குசுமாசன தேவி. 1594ஆம் ஆண்டில், அவள் சிறுமியாயிருந்தபோது, கண்டியின் அரசியென்று முடிசூட்டிப் போர்த்துக்கேயத் தளபதி பேரோ லோபசு டி சூசா அவளை மலைநாட்டுக்கு அழைத்து வந்தான். பெருஞ்சேனையோடு வந்தவன் தந்துறையில் அழிந்தான். அச்சிறுமி வெற்றி பெற்ற விமலதர்மசூரியனின் கைக்கு வந்து, அவன் பட்டத்தரசியாகி, அவன் இறந்தபின் செனரத்தின் மனைவியுமானாள். மலைக்குள்ளே பாய்ந்து வருகிற பறங்கிப் படை எப்படி முடியும் என்பதை இராசசிங்கன் எந்த ஆசிரியரிடத்தும் கற்கவேண்டியிருந்ததில்லை; தாயின் வரலாறே அவனுக்குப் பாடமாயிருந்திருக்கும்.

பாடத்தைக் கண்ணாரக் காணும் வாய்ப்பும் விரைவிலே கிட்டிற்று. அக்காலத்துப் போர்த்துக்கேயத் தளபதிகளுள் திறமை மிக்கவன் கொன்சுதந்தீனு டி சா. திருக்கோணமலையிலும், 1628 அளவில் மட்டக்களப்புப் புளியந்தீவிலும் கோட்டை எழுப்பிக் கண்டியின் கடல்வாயில்களை அடைத்தவன் அவனே. அடைத்துவிட்டு இருந்திருந்தால் கண்டி மூச்சுத் திணறியிருக்கும். இருக்க அவனால் முடியவில்லை. 1630ஆம் ஆண்டு ஆகத்து மாதம் ஊவாவுக்குள் நுழைந்து பதுளையைச் சூறையாடித் திரும்பும் வழியில், அவனோடு வந்த சிங்கள முதலிமார் தம் வீரருடன் மறுபக்கம் சேர்ந்துவிட்டார்கள். மழை பெய்து வெடிமருந்து நனைந்தது. இரந்தெனிவெலையில் டி சா வீழ்ந்தான். செனரத்தின் புதல்வர்கள் அப்போரிலே முன்னின்றார்கள். இராசசிங்கன் அப்போது இளைஞன்.

1635இல் செனரத் இறக்க, அவன் அரசனானான். குமாரசிங்கன் சில காலத்தில் மறைந்தான். விசயபாலன் தம்பியோடு பகைத்துப் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்து, கடைசியிற் கோவாவிலே உயிர்நீத்தான். சீட்டெடுத்த மூவருள் எஞ்சியவன் ஒருவனே.

இனிக் கன்னொறுவை. அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் செய்தி சிறுபிள்ளைத்தனமானது. அரசன் ஒரு போர்த்துக்கேய வணிகனுக்கு யானையொன்றை அன்பளிப்பாகக் கொடுத்தானாம். கொழும்பிலிருந்த தளபதி தியோகு டி மெலோ அந்த யானையைப் பறித்துக்கொண்டானாம். பின்னர் டி மெலோ விற்பனைக்கென்று கண்டிக்கு அனுப்பிய குதிரைகளை அரசன் தடுத்து வைத்து, யானை வந்தால் குதிரை வரும் என்றானாம். இதற்காக ஒரு சேனை மலையேறிற்று. மலையேறிய சேனைகளுக்கு நேர்ந்த கதியை டி மெலோ அறியாதவனல்லன். எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் மாண்ட டி சாவை அறிந்தோர் பலர் அவனுடைய பாசறையிலேயே இருந்திருப்பர். ஆயினும் பந்தயத்தை ஏற்றியே பழகியவனுக்கு முன்னைத் தோல்வி எச்சரிக்கையாவதில்லை. இம்முறை வென்றுவிடலாம் என்பதற்கு மற்றுமொரு காரணமாகவே தோன்றும்.

அரசன் எதிர்த்து நிற்கவில்லை. நகரைக் காலி செய்துவிட்டு விலகினான். டி மெலோ கண்டிக்குள் நுழைந்து வெறுந்தெருக்களைக் கண்டான். வீடுகளுக்கும் மாளிகைக்கும் தீ வைத்தான். வென்றுவிட்டதாக அவன் எண்ணிய அந்த நேரத்திலே அவனிடம் இருந்தது சாம்பல் மட்டுமே. உணவில்லை, பிடிப்பதற்கு ஆளில்லை, பொருதுவதற்குப் படையில்லை. திரும்பத் தொடங்கினான். மகாவலி கங்கைக் கரையிலே கன்னொறுவையில் அவன் பாசறை அமைத்தபோது, பின்னே போகும் பாதைகளையெல்லாம் கண்டி வீரர்கள் மரங்களை வெட்டி வீழ்த்தி அடைத்துவிட்டார்கள். ஆறு கண்ணுக்குத் தெரிய, நீரெடுக்க முடியாத நிலை. டி மெலோ சமாதானம் கேட்டு ஆளனுப்பினான். அரசனிடமிருந்து கடிதமும் வரவில்லை, தூதனும் வரவில்லை. மாறாகப் பறையறைந்து, பறங்கியர் படையிலுள்ள சிங்களவர் பிரிந்து வந்துவிடலாம் என்று அறிவித்தார்கள் என்பர். அவர்கள் பிரிந்து வந்தார்கள். 1638ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் டி மெலோவும் அவனுடைய படையும் அழிந்தனர். சிலரே கைதியாகி உயிர் தப்பினர். அதன்பின் போர்த்துக்கேயர் கண்டிக்கு ஏறவேயில்லை.

இந்த வெற்றியை வீரத்தின் வெற்றியென்று பாடநூல்கள் எழுதுகின்றன. வீரமும் இருந்தது. ஆனால் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது, தன் தலைநகர் எரிவதைக் குன்றின்மேல் நின்று பார்த்துக்கொண்டு கையை அசைக்காமல் இருந்த அந்த அடக்கம். அது எளிதன்று. எரிகிற வீடு தன் வீடாயிருக்கும்போது இறங்கிப் பாயாமல் இருப்பவர் எத்தனை பேர்?

கன்னொறுவையைத் தழுவி ஓடுகிற அந்த மகாவலியின் நீர்தான் வளைந்து திரிந்து கீழ்த்திசை வந்து, ஒரு கிளை வெருகலாறாகி, வாகரைக்கு வடக்கே கடலிற் கலக்கிறது. பெருங்கிளை அதற்கும் வடக்கே கொட்டியாரக் குடாவிற் சேர்கிறது. ஆற்றைத் தொடர்ந்தாற்போல அரசனுடைய கதையும் இனிக் கீழ்க்கரைக்கு இறங்குகிறது.

மலைக்குள் வருகிறவனை வெல்லக் காத்திருந்தாற் போதும். கடற்கரைக் கோட்டைக்குள் இருப்பவனை என்ன செய்வது? கோட்டை மலையேறி வராது. அதனை உடைக்கப் பீரங்கி வேண்டும். கடல்வழி வரும் உதவியைத் தடுக்கக் கப்பல் வேண்டும். கண்டியில் இரண்டும் இல்லை. இதை இராசசிங்கன் கன்னொறுவைக்கு முன்னரே உணர்ந்திருந்தான். 1636 செப்டெம்பரில் அவன் எழுதிய கடிதமொன்றை அந்தணன் ஒருவன் மறைத்து எடுத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்திலே பலநாள் காத்திருந்து, அடுத்த ஆண்டிற் பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையிற் சேர்ப்பித்தான். போர்த்துக்கேயரை விரட்ட உதவினால் வணிக உரிமையும் படைச்செலவும் தருவதாகக் கடிதம் கூறிற்று. ஒல்லாந்த நாட்டுக் கிழக்கிந்தியக் கும்பினி கறுவாவுக்காகக் காத்திருந்தது. அது காத்திருக்கத் தெரிந்த கும்பினி.

கடற்றளபதி வெசுத்தர்வோல்டின் கப்பல்கள் 1638 மே மாதம் மட்டக்களப்புக்கு வந்தன. அரசனும் படையோடு இறங்கி வந்தான். 18ஆம் நாள் புளியந்தீவுக் கோட்டை பீரங்கிக்குப் பணிந்தது. 23ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிடிக்கும் கோட்டைகளிலே ஒல்லாந்தர் காவற்படை வைப்பதுபற்றி மூன்றாம் பிரிவு பேசுகிறது. அரசனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில், அரசன் விரும்பினால் என்ற நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியிலே அச்சொற்கள் இல்லை. வரலாற்றாசிரியர் கே. டபிள்யு. குணவர்த்தன 1958இல் வெளிவந்த தம் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இரண்டு மூன்று சொற்கள். அவற்றிலே கரையோரம் முழுவதும் அடங்கியிருந்தது.

இவ்விடத்தில் இக்கரையைச் சேர்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லிச் செல்லவேண்டும். அந்த ஆட்டத்திலே முதன்முதலாகப் பலகையில் வைக்கப்பட்ட பந்தயம் மட்டக்களப்பு. வயலும் வாவியும் வன்னிமையுமாக இங்கே வாழ்ந்த தமிழரையோ சோனகரையோ வேடரையோ ஒருவரும் கேட்கவில்லை. மன்னர் கதைகளைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படிப்பது என் வழக்கம்.

1639இல் திருக்கோணமலை விழுந்தது; 1640இல் நீர்கொழும்பும் காலியும் விழுந்தன. காலியைப் பிடித்த கொசுத்தர் அதனை அரசனுக்குக் கொடுக்கவில்லை. செலவுக் கணக்கைக் காட்டினான். கணக்கு அடைபடும்வரை கோட்டை ஈடு என்றார்கள். கறுவாவை எவ்வளவு கொடுத்தாலும் கணக்கு அடைபடவில்லை. எழுதுகோல் அவர்கள் கையிலே இருந்தது. கண்டிக்கு வந்து கடுமையாகப் பேசிச் சென்ற கொசுத்தர், அதே ஆண்டு ஆகத்து மாதம் கீழ்க்கரைக்குத் திரும்பும் வழியிற் கொலையுண்டான். இங்கும் ஏறிப் பேசியவன் வீழ்ந்ததையே காண்கிறோம்.

அடுத்து வந்தவர்களுள் தைசன் என்பவன் 1645இல் அரசன்மேற் போர் தொடுத்தான். அவனுடைய படைத்தலைவன் அதிரியான் வான் தெர் சுதெல், மொரீசியசுத் தீவை முன்னர் ஆண்டவன், 1646இல் உள்நாட்டுக்குட் படைநடத்திக் கொல்லப்பட்டான். அவன் தலையைப் பட்டிலே சுற்றி ஒல்லாந்தர் பாசறைக்கு அரசன் அனுப்பினான் என்பர். கன்னொறுவைப் பாடம் ஒல்லாந்தருக்கும் பொருந்தியது. அவர்களும் பாய்ந்தால் வீழ்வார்கள்.

ஆனால் போர்த்துக்கேயருக்கும் இவர்களுக்கும் இருந்த வேற்றுமை இதன்பின்தான் வெளியாயிற்று. பத்தாவியாவிலிருந்த மேலிடத்தார் தைசனை நீக்கிவிட்டு, யோவான் மாத்சூக்கரை ஆள்பதியாக அனுப்பினார்கள். சட்டம் படித்தவன், அமைதியானவன். பழிவாங்கப் படை எடுக்கவில்லை. பணிவான கடிதம் எழுதினான். 1649இல் உடன்படிக்கையைத் திருத்தினான். கோட்டைகளை மட்டும் கொடுக்கவில்லை. பந்தயத்தை ஏற்றுகிறவனை எழுப்பிவிட்டு, காத்திருக்கிறவனை அவ்விடத்தில் உட்கார வைத்தார்கள். இராசசிங்கனின் வாழ்க்கையில் எது திருப்புமுனை என்று மாணவர் கேட்டால், கொழும்பின் வீழ்ச்சி என்றே விடை சொல்வது மரபு. நான் மாத்சூக்கரின் வருகையையே காட்டுவேன்.

கொழும்பு அதன் விளைவு. 1655இல் தொடங்கிய முற்றுகையிலே அரசன் ஒல்லாந்தருக்குத் துணைநின்றான். தளபதி சேரார்ட் உல்ப்டை அவன் மிக விரும்பினான். அரசனைக் கண்டு திரும்பிய சில நாளில் உல்ப்ட் குண்டுபட்டு இறந்தான். 1656 மே 12ஆம் நாள் நகரம் சரணடைந்தது. ஒல்லாந்தர் உள்ளே போனார்கள், கதவு சாத்தப்பட்டது. அரசனுடைய வீரருக்கு வெளியே நிற்பதன்றி வேலையில்லை. சினந்து எழுதிய கடிதங்களாற் பயனில்லையென்று கண்டபின், கொழும்பைச் சூழ்ந்த ஊர்களை அழித்து, மக்களை மலைநாட்டுக்குப் பெயர்த்து, கறுவாக் காட்டுக்கும் கோட்டைக்கும் இடையே பாழ்நிலத்தை விட்டுவிட்டு அவன் திரும்பினான். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினான் என்று சிங்களத்திலே ஒரு பழமொழி இன்றும் வழங்குகிறது. ஏளனம் அதிலுண்டு, நியாயம் முழுவதும் இல்லை. போர்த்துக்கேயரை விரட்டுவதற்கு வேறு வழி அன்று அவனுக்கு இருந்ததா என்று ஏளனம் செய்வோர் சொல்வதில்லை.

அதன்பிறகு அவன் கையாண்டது பழைய முறையே. பாதைகளைக் குறுக்கினான், கணவாய்களில் முட்கதவுகளை இட்டான், அந்நியன் நுழைந்தால் திரும்ப முடியாதபடி நாட்டையே ஒரு பொறியாக ஆக்கினான். ஆனால் நுழைவாரைக் காணோம். ஒல்லாந்தர் கரையிலிருந்தபடியே ஆண்டுதோறும் தூதரையும் பரிசையும் அனுப்பினார்கள். அரசன் தூதரைத் தடுத்து வைத்தான்.

1660 ஏப்ரிலில், புயலிலே பாய்மரம் சேதமுற்ற ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவில் நின்றபோது, அதன் தலைவனையும் அவன் மகன் உரொபேட்டு நொக்சையும் மாலுமிகள் சிலரையும் அரசனுடைய ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். வாகரையிலிருந்து வெருகலைக் கடந்தால் எட்டும் இடம் அது. தந்தை அடுத்த ஆண்டே இறந்தான். மகன் பத்தொன்பது ஆண்டு மலைநாட்டிற் கிடந்து, 1679இல் அநுராதபுரக் காட்டுவழியாக அரிப்புக்குத் தப்பியோடி, 1681இல் இலண்டனிலே நூல் வெளியிட்டான். அரசனைப்பற்றி நமக்குத் தெரிந்தவற்றிற் பாதி அந்நூலின் வாயிலாக வந்தது. நீந்துவதில் விருப்பம், குதிரைகளில் மோகம், விசித்திர உடை, எவரையும் நம்பாத மனம், அற்பக் குற்றத்துக்கும் கொடுந்தண்டனை. நொக்சு தீட்டும் உருவம் இது. சிறையிருந்தவன் தீட்டிய உருவம் என்பதை மறக்கலாகாது. அதற்காகத் தள்ளிவிடவும் இயலாது. அந்தக் கைதிகளால் அரசனுக்குக் கிடைத்த பயன் யாது என்பது நொக்சுக்கும் விளங்கவில்லை. அவர்களை விற்கவுமில்லை, பேரம் பேசவுமில்லை, கொல்லவுமில்லை. ஊர் ஊராகப் பிரித்துச் சோறு போடுவித்து வைத்திருந்தான். கைநிறையச் சீட்டைப் பிடித்துக்கொண்டு, இறக்குவதற்கு வேளை வரும் வரும் என்று பார்த்திருந்த ஒருவனையே நான் இதிலே காண்கிறேன்.

1664 டிசெம்பரில் நிலம்பையில் அவன்மேற் கிளர்ச்சி எழுந்தது. இரவோடிரவாக மலைக்காட்டுக்குத் தப்பினான். கிளர்ச்சிக்காரர் அவன் சிறு மகனை அரசனாக்க முயன்றார்கள். அரசனின் தங்கை அச்சிறுவனோடு தப்பிச் செல்லவே, கூட்டம் தலைவனின்றிச் சிதறிற்று. இம்முறையும் காத்திருந்தவனே வென்றான். ஆயினும் அந்தக் குழப்பத்திலே அவன் ஒல்லாந்தரிடம் உதவி கேட்டிருந்தான். வான் கூன்சு என்னும் ஆள்பதி அவ்வாய்ப்பை விடவில்லை. உதவி என்ற பெயரிலே 1665இல் திருக்கோணமலையையும், இடையில் அரசன் கைக்குத் திரும்பியிருந்த மட்டக்களப்பை 1668இலும் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். பரிசு கொடுத்துக்கொண்டே பத்தாண்டு காத்திருந்தவர்கள், கை நன்றாயிருந்தபோது மட்டும் ஏற்றினார்கள். அதுவே அவர்களின் ஆட்டமுறை.

1670 முதல் அரசன் மீண்டும் எல்லைக் காவல்களைத் தாக்கலானான். 1672இல் பிரெஞ்சுக் கடற்படையொன்று டி லா ஏயின் தலைமையிலே கொட்டியாரத்துக்கு வந்தபோது அவன் மகிழ்ந்து இடம் கொடுத்தான். ஒல்லாந்தரை விரட்ட மற்றுமொரு துணை கிடைத்ததென்று நினைத்திருப்பான். சில மாதத்தில் ஒல்லாந்தர் பிரெஞ்சுக்காரரை அகற்றிவிட்டார்கள். டி லனரோல் என்னும் பிரெஞ்சுத் தூதன் குதிரையை விட்டிறங்காமலே அரண்மனைப் பக்கம் வந்தான் என்ற குற்றத்துக்காக விலங்கிடப்பட்டு, அவனும் கைதியானான். அக்குடிப்பெயரைத் தாங்கியவர்கள் இலங்கையில் இன்றும் உளர்.

கடைசிக் காலத்தைப்பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்குராங்கெத்தையிலே அவன் முதுமை கழிந்தது. கொழும்பில் ஆள்பதி லோறன்சு பைல், தான் மாட்சிமை தங்கிய பேரரசரின் ஊழியன் என்றும், கொழும்புக் கோட்டை பேரரசருடையதே என்றும் கடிதத்துக்குக் கடிதம் எழுதினான். கறுவாவை உரித்துக் கப்பலேற்றிக்கொண்டே எழுதினான். எங்கள் சீட்டாட்டத்தில் வழங்கும் இசுகோப்பன், களாவரை முதலிய பெயர்கள் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

1687இல் இராசசிங்கன் இறந்தான். மகன் இரண்டாம் விமலதர்மசூரியன் அரசேறினான். கரையோரம் உங்களுடையது என்ற ஒரு வரியை மட்டும் முதியவன் கடைசிவரை ஒல்லாந்தருக்கு எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அந்த வரியைக் கண்டியரசர் ஒருவரிடம் அவர்கள் பெற்றது, அவன் இறந்து 79 ஆண்டுகள் கழிந்தபின், பெரும்போர் ஒன்றின் முடிவில், 1766 பெப்ரவரி 14ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையிலேதான். வாகரை மணலும் வெருகல் முகத்துவாரமும் ஏட்டளவில் ஒல்லாந்தருக்கு உரியவையானது அன்றைக்கே.